உருவின முனை

அதை அவிழ்த்துவிடுங்கள் சார். உங்களைத்தான் சொல்கிறேன். இந்தப் பஸ்ஸில் மடியில் தூண்டில் கம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள் ஒருத்தர்தான். நான் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், ஒரு முடிச்சுக்கு மூன்று ஊர் தாண்டிவிட்டது. செல்லைப் பார்க்கிறீர்கள், சுற்றுகிறீர்கள், மறுபடி செல்லைப் பார்க்கிறீர்கள். செல்லுக்குள் ஒருத்தன் கட்டிக் காட்டுகிறானா? அவன் எந்தக் கடலில் தூண்டில் போட்டான் என்று கேட்டீர்களா? கண்ணாடித் தொட்டியில் போட்டிருப்பான். அவன் நகத்தைப் பாருங்கள். மீன் பிடிக்கிறவன் நகமா அது?

மதுரையில் பேங்கில் இருக்கிறீர்களா? சரி. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு உவரிப் பாறையில் மீன் பிடிக்கப் போகிறீர்களா? சரி, சரி. எங்களுக்கு மூன்று நாள் ஓய்வு கிடைத்தால் நாங்கள் பேங்கில் வந்து உட்காருவதில்லை. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என் பேர் தொபியாஸ். ஊர் சிலுவைத்துறை, நான் ஏறினேனே அந்த ஊர்தான். எண்பது வீடு, ஒரு கோயில், ஒரு டீக்கடை. வயது அறுபத்தெட்டு. மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன், அதிலும் மூன்றாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தேன். ஆனால் முடிச்சு என்று வந்தால் இந்தக் கரையில் என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. திறந்தவன் ஒருத்தன் உண்டு. அவன் பெண்ணுக்குத்தான் இன்றைக்குக் கல்யாணம். ராயப்பர்துறையில் பத்து மணிக்குப் பூசை. நான் தாய்மாமன். அதற்குத்தான் போகிறேன்.

இல்லை, பொய் எதற்கு? கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் வாயால் ஒன்றைக் கேட்பதற்குப் போகிறேன். பதினேழு வருஷமாக அந்த ஒன்றுக்குத்தான் காத்திருக்கிறேன். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில், ஊர்சனத்துக்கு முன்னால், "அந்த முடிச்சைக் கட்டினது நான்தான்" என்று சொல்லப்போகிறான். சொல்லட்டும். அதற்கப்புறம் சாப்பாடு.

முதலில் முடிச்சைச் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் இது உங்களுக்கு விளங்காது.

உங்கள் கையில் இருக்கிறதே இந்த நைலான் நரம்பு, இதை நாங்கள் தங்கூசி என்போம். தங்கூசி கையைவிட்டுப் போனால் இரண்டு விதமாகத்தான் போகும். நடுவில் அறுந்தால், முனை மொட்டையாக இருக்கும், கொஞ்சம் வெளுத்திருக்கும். அது நரம்பின் குற்றம், இல்லை பாறையின் குற்றம், இல்லை மீன் பல்லின் குற்றம். முடிச்சு உருவிக்கொண்டு போனால் அப்படி இருக்காது. முனை சுருண்டுபோய் வரும். பன்றிவால் பார்த்திருக்கிறீர்களா? அச்சு அசல் அதுதான். அது கட்டினவன் குற்றம். முனையைக் காட்டுங்கள், குற்றவாளியைக் காட்டுகிறேன். இதற்குக் கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

என் முடிச்சு என் அப்பாவுடையது. முள்ளின் காதில் கோத்து, இரண்டே சுற்று, மடக்கி ஒரு இழுப்பு. முடிந்தது. அப்பா காலத்தில் பருத்திக் கயிறு. அந்த முடிச்சில் அவர் எத்தனை சுறாவைக் கரையேற்றியிருக்கிறார் தெரியுமா? உங்களைப்போல ஏழு சுற்று எட்டு சுற்று சுற்றிக்கொண்டிருக்கவில்லை. தூண்டில் முள்ளுக்குப் பூணூலா போடுகிறோம்?

இன்னொன்று. வருஷா வருஷம் சிலுவைத் திருநாள் கொடியேற்றத்தன்றைக்குப் புது முள்ளையெல்லாம் பெட்டியோடு கோயிலுக்குக் கொண்டுபோவோம். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக் கொடுப்பார். தீர்த்தம் பட்ட முள். அதில் எச்சில் படக் கூடாது. அப்பா ஒரே ஒரு தடவை என்னைச் செருப்பால் அடித்தார் என்றால் அது இதற்குத்தான், கயிற்று நுனியை நாக்கில் ஈரம் பண்ணிக் கோத்ததற்கு. "தீர்த்தம் பட்டதுல எச்சி வைக்கியால, மூதி?" என்றார். அன்றைக்கு மூடிய வாய், இந்த வயசு வரைக்கும் தூண்டில் பக்கம் திறந்ததில்லை.

தங்கூசி வந்தது. நானும் வாங்கினேன். அதே முடிச்சுதான் போட்டேன். முடிச்சு முடிச்சுதானே? கயிறு மாறினால் அப்பன் மாறிவிடுவானா?

மீன் போகவே இல்லையா என்று கேட்காதீர்கள். போகும். கடலில் மீன் போகத்தான் செய்யும். ஒரு ஏழெட்டு போயிருக்கும் எனக்கு. பத்து என்று வையுங்களேன். அதெல்லாம் பெரிய மீன். தங்கூசி வந்தபிறகு மீனுக்கெல்லாம் திமிர் கூடிவிட்டது, அதுதான் விஷயம்.

இப்போது அவனுக்கு வருகிறேன். கஸ்பார். என் தங்கச்சி சலேத்துவைக் கட்டினவன். சொந்த ஊர் இந்த ராயப்பர்துறை. கல்யாணமாகி எங்கள் ஊரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான், எங்கள் வள்ளத்தில்தான் வேலை. வீட்டோடு மாப்பிள்ளை என்று நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தேவைப்பட்ட நேரத்தில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அவன் கொச்சியில் நாலு வருஷம் விசைப்படகில் போனவன். போனவன் மீனோடு வர வேண்டும், இல்லை பணத்தோடு வர வேண்டும். இவன் ஒரு முடிச்சோடு வந்தான். முள்ளில் கோத்து ஆறு சுற்று சுற்றுவான், நுனியைத் திருப்பிக் காதுக்குப் பக்கத்து வளையத்தில் நுழைப்பான், அப்புறம் அப்படியே வாயில் வைத்துச் சப்புவான். சார், சப்புவான்! பிள்ளை மிட்டாய் சப்புவதுபோல. பிறகு ஆடி அசைந்து மெதுவாக இறுக்குவான். நான் அதற்கு எச்சில் முடிச்சு என்று பேர் வைத்தேன். ஊரே சிரித்தது. அவனும் கூடச் சிரித்தான், ரோசம் இல்லாதவன்.

ஒருநாள் என்னிடமே சொன்னான். "மச்சான், தங்கூசிய நனைக்காம ஒணக்கையா இறுக்குனா சூடாயி வெந்துபோவும். ரெண்டு சுத்து காணாது, வழுக்கும். மாத்திக் கட்டித் தரவா?"

"மாப்ள, ஒன் எச்சிய ஒன் வாயிலயே வச்சுக்க. தீர்த்தம் பட்ட முள்ளு இது" என்றேன்.

"எச்சிதான வேண்டாம்? வள்ளத்துக்கு வெளிய கைய நீட்டுங்க. கடலே கெடக்கு. அதுல முக்கி இறுக்குங்க."

பாருங்கள், என்ன பேச்சு! கடலைப் பற்றி எனக்குச் சொல்கிறான். கடல் தண்ணீரில் முக்கியிருக்கலாம்தான். அதில் தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் முக்கினால், கஸ்பார் சொல்லி முக்கினேன் என்று ஆகிவிடாதா? அதனால் முக்கவில்லை.

அந்த வருஷம், மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று அடங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஊருக்கு நேரே கடலுக்குள் ஒரு பார் இருக்கிறது. பார் என்றால் தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. கோபுரப் பார் என்போம். அதன் பொந்தில் ஒரு கலவா மீன் கிடந்தது. ஒரு ஆள் நீளம். வாயைத் திறந்தால் ஒரு அண்டாவைக் கவிழ்த்துவைக்கலாம். நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்தேன். கஸ்பாரும் பார்த்தான், அவன் பார்த்தது கணக்கில் வேண்டாம்.

ஊர்க் கமிட்டிக் கூட்டத்தில் பத்தாம் திருநாள் அசனத்துக்கு எத்தனை ஆடு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அசனம் தெரியுமா? திருநாள் அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. நான் எழுந்து நின்றேன். "ஆடு வேண்டாம். கோபுரப் பார்க் கலவாவை நான் கொண்டுவந்து போடுகிறேன், அது என் நேர்ச்சை" என்றேன். சாமியார் முகத்தில் சிரிப்பு. கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். ஆடு வாங்கவில்லை. கையைத் தட்டினவர்கள் ஒரு ஆட்டையாவது வாங்கிக் கட்டியிருக்கலாம், புத்தி வேண்டாமா? அதற்கும் நானா பொறுப்பு?

பத்தாம் திருநாளுக்கு முந்தின நாள். விடிகாலையில் போனோம், நானும் அவனும். நூற்றைம்பதாம் நம்பர் தங்கூசி. முள் என் முள். முடிச்சு என் முடிச்சு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரையாக உயிரோடு ஒரு பாறை மீன் குட்டியைக் கோத்து இறக்கினேன்.

எடுத்தது சார்.

ஒரு மணி நேரம். என் உள்ளங்கை இரண்டும் கிழிந்தது, இதோ பாருங்கள், இந்தக் கோடு ரேகை இல்லை, தங்கூசி போட்டது. வள்ளத்தை இழுத்துக்கொண்டு வட்டம் சுற்றியது. பொந்துக்குள் போகவிடாமல் பிடித்தேன். தனியாகப் பிடித்தேன். கஸ்பார் பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், அது ஒரு வேலையா? மேலே வந்தது. தலை தெரிந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. கஸ்பார் கொக்கியை எடுத்து ஓங்கினான். அந்த நேரத்தில் கை லேசாகிவிட்டது. கனம் போய்விட்டது. நான் பின்னால் விழுந்தேன்.

விழுந்தவன் எழுவதற்குள் அவன் சொன்னான், "மச்சான், உருவிட்டு."

இதைக் கவனியுங்கள் சார். உருவிட்டு என்றான். அறுந்துட்டு என்று சொல்லவில்லை. முனை இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிறது. நானே பார்க்கவில்லை. இவனுக்கு எப்படித் தெரியும் உருவினது என்று? கட்டினவனுக்குத்தானே தெரியும்!

நரம்பைச் சுருட்டி எடுத்தேன். முனை பன்றிவால்.

நான் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன். என் முடிச்சு உருவாது. இது உருவியிருக்கிறது. அப்படியானால் இது என் முடிச்சு இல்லை. மூன்றாம் வகுப்புக்காரனுக்கே தெரிகிற கணக்கு. முள் பெட்டி முதல் நாள் ராத்திரி எங்கே இருந்தது? அவன் வீட்டில். மாத்திக் கட்டித் தரவா என்று கேட்டவன் யார்? அவன். நான் வேண்டாம் என்றதும், எனக்குத் தெரியாமல் அவிழ்த்து அவன் எச்சில் முடிச்சைப் போட்டுவைத்திருக்கிறான். நேர்ச்சை முள்ளில் எச்சில். அப்புறம் மீன் நிற்குமா?

கேட்டேன். "நான் தொடவே இல்ல மச்சான்" என்றான். "பெட்டிக்குள்ள இன்னும் எட்டு முள்ளு கட்டிக் கெடக்கு. எடுங்க. ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்போம். யாரு கட்டுன முடிச்சு, எது உருவுதுன்னு இங்கயே தெரிஞ்சிரும்" என்றான்.

நான் அந்தப் பெட்டியை எடுத்துக் கடலில் வீசினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? எச்சில் பட்ட பெட்டி சார். எனக்கு எதற்கு அது?

மறுநாள் அசனத்துக்குக் கத்தரிக்காய். திருச்செந்தூர்ச் சந்தையில் மிஞ்சிக் கிடந்ததை ஆள் விட்டு அள்ளிக்கொண்டு வந்தார்கள். பத்தாம் திருநாளுக்குக் கத்தரிக்காய்க் கூட்டும் ரசமும். ஊர் வரலாற்றில் கிடையாது. பந்தியில் எவனோ ஒருத்தன், எவன் என்று எனக்குத் தெரியும், செத்துப்போய்விட்டான், அதனால் பேர் சொல்லவில்லை, இலையில் ஒரு கத்தரிக்காயைக் காம்போடு தூக்கிப் பிடித்து, "ஏ, கலவாவப் பாருங்கடே! தொபியாஸ் அண்ணன் புடிச்ச கலவா!" என்றான்.

அன்றையிலிருந்து என் பேர் கத்தரிக்கா. கத்தரிக்காத் தொபியாஸ். பிறகு தொபியாஸும் போய்விட்டது. "கத்தரிக்கா வீடு எது?" "கத்தரிக்கா வள்ளம் வந்துட்டா?" ரேஷன் கடைக்காரன் வெளியூர்க்காரன், அவன் அதுதான் என் வீட்டுப் பேர் என்று நினைத்து ஒருநாள் சத்தமாகக் கூப்பிட்டான். பதினேழு வருஷம் சார். எனக்குக் கத்தரிக்காய் ரொம்பப் பிடிக்கும். அப்போது தின்றதுதான். கடையில் கையை நீட்டி வாங்க முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது, வாசனை தெருவுக்குப் போகும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோயில் முற்றத்தில் நின்று, கட்டினது நான்தான் என்று கஸ்பார் சொல்ல வேண்டும். சொன்னால் கத்தரிக்காய் அவன் தலைக்குப் போய்விடும். அவன் மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் போய் மெழுகுவர்த்தி கொளுத்தி, தொடவில்லை என்று சத்தியம் செய்தான். என் தங்கச்சி வந்து அழுதாள். "அண்ணே, பெட்டிய நான்தான் கொடிக்கு மேல பரண்ல வச்சேன். விடியிற வரைக்கும் அவரு தூங்குனாரு. நான் பொய் சொல்லுவனா ஒங்கிட்ட?" என்றாள்.

"புருஷன் பக்கம் பேசாம வேற எந்தப் பக்கம் பேசுவ?" என்றேன்.

அவ்வளவுதான். அந்த மாசமே அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ராயப்பர்துறைக்குப் போய்விட்டான். போகட்டும். அதற்கப்புறம் நான் அந்த ஊரில் கால் வைக்கவில்லை. என் பெண்டாட்டி வைத்தாள். மாசம் ஒரு தடவை மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த எட்டு மணி வண்டியில்தான் போய் வருவாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மூட்டுவலிக்காரி பஸ்ஸுக்கு என்ன ஓட்டம் ஓடுவாள் என்கிறீர்கள்! வரும்போது பையில் கருவாடு. ஆஸ்பத்திரியில் கருவாடா கொடுக்கிறான்? ஆனால் நல்ல கருவாடு. கேட்காமல் தின்றேன்.

போன மாசம் அந்தப் பெண் வந்தது. ஜெசிந்தா. கல்யாணப் பெண். கையில் பத்திரிகை. அஞ்சு வயசில் என் தோளில் உட்கார்ந்து காதைத் திருகிக்கொண்டிருந்தது, இப்போது வாசலில் நின்று, "மாமா, உள்ள வரலாமா?" என்று கேட்கிறது. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்றாம். மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் கோயிலுக்குள் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறதாம். "ஒங்க அப்பன் ஒத்துக்கிட்டா வாரேன்" என்றேன். வேறு பேச்சில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து போன். "மாமா, அப்பா சொல்லிருவாங்க. கோயில் முத்தத்துல எல்லாருக்கும் முன்னால, நான்தான் கட்டுனேன்னு சொல்லுதேன்னாங்க. மச்சான் வந்தாப் போதும், என்னன்னாலும் சொல்லுதேன்னாங்க."

பார்த்தீர்களா? பதினேழு வருஷம் பிடித்தது, ஆனால் வழிக்கு வந்துவிட்டான். என்னன்னாலும் சொல்லுதேன் என்றால் என்ன அர்த்தம்? குற்றம் செய்தவன் பேச்சு அது. என் பெண்டாட்டி இரண்டு நாளைக்கு முன்னாலேயே போய்விட்டாள், இந்த முறை ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. இந்தப் பையில் பட்டுச் சேலை இருக்கிறது, மாமன் சீர். அவள் எடுத்து வைத்தது. நான் தூக்கிக்கொண்டு மட்டும்தான் போகிறேன்.

அந்த முனையா? வைத்திருக்கிறேன். இதோ, இந்தப் பொடி டப்பாவில். சாட்சி இல்லாமல் போவேனா? கையில் எடுக்காதீர்கள், பாருங்கள். எப்படிச் சுருண்டிருக்கிறது! எச்சில் முடிச்சின் லட்சணம்.

உங்கள் நரம்பைக் கொடுங்கள். ஒரு முள்ளும் கொடுங்கள். முடிச்சு என்றால் என்ன என்று காட்டுகிறேன். அந்தச் செல்லை மூடிவையுங்கள், அவனும் பார்த்துக் கற்றுக்கொள்ளப்போகிறான். கோத்தாயிற்றா. ஒன்று, இரண்டு. மடக்கி, ஒரே இழுப்பு. முடிந்தது. மீசையை, இந்த நுனியைத்தான் சொல்கிறேன், ஒட்ட வெட்டக் கூடாது. இந்த முன் சீட்டுக் கம்பியில் முள்ளை மாட்டுகிறேன். கர்ச்சீப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுங்கள். பயப்படாதீர்கள். இழுங்கள்.

என்ன சார் நீங்கள்! வெடுக்கென்று இழுத்தால்? மீன் அப்படியா இழுக்கும்? பேங்கில் கல்லாப்பெட்டியை இழுப்பதுபோல இழுக்கிறீர்கள். கொடுங்கள் இப்படி. பஸ்ஸும் அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

மறுபடியும் போடுகிறேன். ஒன்று. இரண்டு. இந்தத் தடவை நானே இழுக்கிறேன், நீங்கள் கையை எடுங்கள்.

...

என்ன நரம்பு இது? எங்கே வாங்கினீர்கள்? ஆன்லைனிலா? அதுதானே பார்த்தேன். எண்ணெய் தடவி வைத்திருக்கிறான். சும்மா இரும் கண்டக்டர், ஒருத்தருக்கும் முள் குத்தாது, எனக்குத் தெரியும். மீனுக்கும் டிக்கெட் எடுக்கணுமா? எடுக்கிறேன், பிடித்தபிறகு வந்து கேளும்.

அந்த முனையைக் கொடுங்கள். இல்லை, தூக்கிப் போடாதீர்கள். கொடுங்கள்.

ம்.

டப்பாவைத் திறந்து பிடியுங்கள். பக்கத்தில் வைக்கிறேன். இது தடிமன், இது மெலிசு. இது பழசாகி மஞ்சளாகிவிட்டது, இது இப்போது உருவினது. மற்றபடி... ஒரே பன்றிக்கு இரண்டு வால் என்பதுபோல இருக்கிறது, இல்லையா?

தங்கூசி என்றால் சுருளத்தான் செய்யும் சார். எல்லாத் தங்கூசியும் சுருளும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான் அப்படிச் சொன்னேனா? குற்றவாளியைக் காட்டுவேன் என்றா? எப்போது சொன்னேன்? இந்தப் பஸ் சத்தத்தில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்டிருக்காது.

என்ன? நனைத்துப் பார்க்கலாமா? உங்கள் செல்லுக்குள் இருக்கிறவனும் நனைக்கத்தான் சொல்கிறானா? அவனும் நாக்கிலா வைக்கிறான்? உலகமே இப்படி ஆகிவிட்டது. அந்தத் தண்ணீர் பாட்டிலை மூடுங்கள், வேண்டாம். உங்கள் தண்ணீர் எனக்கு வேண்டாம். ஒன்று கேட்கிறேன், இந்த முள் கோயிலில் மந்திரித்ததா? இல்லையே? கடையில் வாங்கினது. தீர்த்தம் படாதது. சும்மா இரும்பு. சரி.

அந்தப் பக்கம் ஜன்னலைப் பாருங்கள் சார். தேரி தெரிகிறது பாருங்கள், செம்மண் மேடு. உங்கள் மதுரையில் இப்படி மண் உண்டா? நன்றாகப் பாருங்கள். நான் சொல்லுகிற வரைக்கும் பாருங்கள்.

சரி, திரும்புங்கள். மாட்டிவிட்டேன். இழுங்கள்.

இன்னும் இழுங்கள். காலை உதைத்துக்கொண்டு இழுங்கள். இரண்டு கையாலும். பேங்கில் சாப்பாடு போடுவதில்லையா? இழுங்கள் சார்!

போதும். சீட்டுக் கம்பி வளைந்துவிடும். கையை விடுங்கள்.

சுற்று எத்தனை போட்டேன் என்று எண்ண வேண்டாம். விடுங்கள், அவிழ்க்காதீர்கள். வாயிலா? நான் எங்கே வாயில் வைத்தேன்? மீசையைத் துடைத்தேன். மேல்மீசை, என் மீசை. வெயிலுக்கு வேர்க்கிறது. நீங்கள் தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

பெட்டியில் எட்டு முள் இருந்தது. எட்டு.

எவ்வளவு தூரம் இன்னும்? பனங்கூட்டம் வந்துவிட்டதா? அப்படியென்றால் அடுத்த நிறுத்தம்தான். அதோ கோயில் கோபுரம் தெரிகிறது. வாழை மரம் கட்டியிருக்கிறார்கள். மைக் செட்டுக்காரன் இப்போதே உயிரை வாங்குகிறான்.

நான் ஒன்று யோசித்தேன் சார். இந்தக் கஸ்பார் இன்றைக்கு முற்றத்தில் நின்று, நான்தான் கட்டினேன் என்று சொல்வான். இருநூறு பேர் கேட்பார்கள். பெண் மாலையும் கழுத்துமாக நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வேறு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நல்ல நாளில் ஒருத்தன் கோயில் வாசலில் நின்று அப்படிச் சொல்லலாமா? சொல்லக் கூடாது. அவனுக்குப் புத்தி கிடையாது, என்னன்னாலும் சொல்லுவேன் என்கிறவன். அவனுக்குக் கெபியில் வைத்த மெழுகுவர்த்தி ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நான் போய் வாயைத் திறக்கவே விட மாட்டேன். திறந்தால், "போதும் மாப்ள, பசிக்கி, எலயப் போடச் சொல்லு" என்பேன். அவன் சொல்வதைக் கேட்பதற்கு எனக்கு என்ன தலையெழுத்தா? எனக்கு அவனைப் பிடிக்காது. அது வேறு. அது அப்படியே இருக்கும். ஆறு சுற்று சுற்றுகிறவனை எப்படிப் பிடிக்கும்?

பந்தியில் கத்தரிக்காய் வைத்திருப்பார்கள். கல்யாணத்தில் அது இல்லாமல் இருக்குமா? எவனாவது என் இலையைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவேன்.

டப்பாவா? உள்ளே இருந்ததை அப்போதே ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டேன். உங்களுடையதும் அதோடு போயிற்று. டப்பா மட்டும்தான் இருக்கிறது, மறுபடி பொடி போட்டுக்கொள்ளலாம்.

நிறுத்தும்பா, இறங்கணும். சார், அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். மெதுவாக, உள்ளே சேலை.

உவரிப் பாறையில் முள்ளைக் கட்டும்போது இறுக்குவதற்கு முன்னால் கடல் தண்ணீரில் ஒரு தடவை முக்கிக்கொள்ளுங்கள். மெதுவாக இறுக்குங்கள். யாராவது பார்த்துவிட்டு, இந்த முடிச்சு யார் சொல்லிக்கொடுத்தது, யார் கட்டினது என்று கேட்பார்கள். இந்தக் கரைக்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது. தெரியாது என்று சொல்லிவிடுங்கள். முடிச்சு நின்றதா, மீன் வந்ததா, அதைப் பாருங்கள். யார் கட்டினால் என்ன சார்?